ஊர்ப் பேச்சை எங்கே வைப்பது? வாட்ஸ்அப், யூடியூப், சொந்தத் தளம், அச்சு நோட்டீஸ்: ஒரு படிப்பகத்தின் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவில் இருக்கும் எங்கள் படிப்பகம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஊரில் இப்போது எங்கே இரண்டு பேர் நின்றாலும் பேச்சு மணலில் வந்து நிற்கிறது. மணவாளக்குறிச்சியில் கனிம மணல் ஆலை நடத்தும் ஐ.ஆர்.இ.எல். என்ற ஒன்றிய அரசு நிறுவனம், கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க முன்வைத்திருக்கும் திட்டம்தான் காரணம். இந்த மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில், கதிர்வீச்சு வெளியிடும் தோரியம் உண்டு. கதிர்வீச்சு, கிணற்றுத் தண்ணீர், கடலரிப்பு, வேலை, நிலத்தின் விலை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வி. இந்தக் கேள்விகளையும், கிடைக்கிற அரசு ஆவணங்களையும், ஊர்க்காரர்கள் சொல்வதையும் தமிழில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. எங்கே வைப்பது என்பதில் கமிட்டி மூன்று வாரமாக முட்டிக்கொண்டு நிற்கிறது.

இளவட்டங்கள் யூடியூப் என்கிறார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வாட்ஸ்அப் போதும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்த ஒரு தம்பி சொந்தமாக வெப்சைட் வைப்போம் என்கிறான். பெரியவர்களுக்கு நோட்டீஸ்தான் நம்பிக்கை. நான்கையும் ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லி என்னிடம் விட்டார்கள். கமிட்டிக்கு எழுதியதை இங்கும் போடுகிறேன். இதே யோசனையில் இருக்கிற ஊர்கள் வேறும் இருக்கும்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி, "எதை அரசாங்கம் தூக்க முடியாது?" நானும் அங்கேதான் தொடங்கினேன். இரண்டு வாரம் சட்டத்தையும் பழைய வழக்குகளையும் படித்த பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். தூக்க முடியாதது என்று ஒன்று கிடையாது. அதனால் இப்படி அளந்து பார்த்தேன்: தூக்கினால் நமக்குச் சொல்வார்களா? யார், எந்தக் காரணத்துக்காகத் தூக்கினார்கள் என்ற உத்தரவு கையில் கிடைக்குமா? பதில் சொல்ல ஓர் இடம் இருக்குமா? அந்த வழக்கு முடியும்வரை ஊருக்குச் சேதி வேறு வழியில் போய்க்கொண்டிருக்குமா?

இதில் எனக்கு இத்தனை பிடிவாதம் ஏன் என்றால், சேதி ஓடியதையும் பார்த்திருக்கிறது நம் மாவட்டம், சேதி நின்றதையும் பார்த்திருக்கிறது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது, ஆழ்கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒத்துவரவில்லை. கடற்கரை ஊர்கள் தாங்களே பெயர்களைச் சேர்த்து, படகு விவரத்தோடு போனில் அனுப்பிக்கொண்டே இருந்தன. டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த ஜனங்கள் கேட்டதும் அந்தப் பெயர்களைத்தான். அன்றைக்கு அந்தப் பட்டியல்கள் போனில் ஓடியிருக்காவிட்டால் பல பெயர்கள் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது.

அதற்கு ஆறு மாதம் கழித்து, 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். மறுநாள் இரவோடு இரவாகத் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. 27-ம் தேதிவரை ஐந்து நாள் என்று போட்டிருந்தார்கள். துப்பாக்கி சுட்டது தூத்துக்குடியில், போன் செத்தது எங்கள் பக்கத்துக் கருங்கலிலும்தான். பக்கத்து மாவட்டத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் எங்களுக்கு டிவி ஒன்றுதான் மிச்சம். களியக்காவிளைப் பக்கம் கேரள டவர் சிக்னல் பிடிப்பவர்களைத் தேடிப் போனவர்கள் உண்டு. அந்த நாட்களை நினைத்துக்கொண்டுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எந்த வழியில் தடை வரும்

ஒப்பிடுவதற்கு முன்னால் தடை வரும் வழிகளைச் சொல்லிவிட வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 69ஏ பிரிவு ஒரு வழி. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காக ஒன்றிய அரசு ஒரு பக்கத்தையோ தளத்தையோ செயலியையோ முடக்கலாம். 2009-ல் வந்த விதிகளின்படி ஒரு குழு ஆராய வேண்டும், எழுதியவரையோ தளத்தையோ கண்டுபிடித்து 48 மணி நேரமாவது கொடுத்துப் பதில் கேட்க வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு அப்புறம் கேட்கலாம். சிக்கல் 16-வது விதியில் இருக்கிறது. உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது அது. 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. அரசியல்வாதியின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக 2012-ல் புதுச்சேரிக்காரர் ஒருவரைக் கைது செய்தது அந்தப் பிரிவின் கீழ்தான். அதே தீர்ப்பு 69ஏ பிரிவை வைத்துக்கொண்டது. காரணத்தை எழுத வேண்டும், கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்ற காவல்கள் இருப்பதால் வைத்துக்கொள்ளலாம் என்றது. ரகசியம் அந்தக் காவல்களையே தின்றுவிடுகிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு வழி அதே சட்டத்தின் 79(3)(பி) பிரிவு. இதில் எழுதியவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. "இது சட்டவிரோதம்" என்று அரசு அதிகாரி யூடியூப், ஃபேஸ்புக் போன்ற நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்புவார். நீக்காவிட்டால், மற்றவர்கள் போடும் பதிவுக்குத் தான் பொறுப்பில்லை என்ற சட்டப் பாதுகாப்பை அந்த நிறுவனம் இழக்கும். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள் இதற்கு 36 மணி நேரக் கெடு வைத்தன. 2024-ல் வந்த சஹ்யோக் என்ற இணையவாசல் மாநிலக் காவல் துறைகளையும் இதில் இணைக்கிறது. இதை எதிர்த்து எக்ஸ் (பழைய ட்விட்டர்) நிறுவனம் போட்ட வழக்கை 2025 செப்டம்பர் 24-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம்மைப் போன்றவர்களுக்கு 69ஏ-ஐவிட இதுதான் கவலை. ஒரு பதிவுக்காக எந்த நிறுவனமும் தன் பாதுகாப்பைப் பணயம் வைக்காது, நீக்கிவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது, 2018-ல் பார்த்தது போல நெட்டையே அணைப்பது. 2020 ஜனவரி 10-ல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரை இல்லாமல் நீட்டக் கூடாது என்றது. இப்போதைய விதிகளில் ஓர் உத்தரவு 15 நாளைத் தாண்டக் கூடாது. நான்காவது வழி எஃப்.ஐ.ஆர். அது பதிவைத் தொடுவதில்லை, பதிவு போட்டவரின் வாசலுக்கு வருகிறது. அதற்குக் கடைசியில் தனியாக வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் வாயை அடைப்பது பெரும்பாலும் அதுதான்.

வாட்ஸ்அப்

எல்லார் கையிலும் இருக்கிறது, படகில் இருந்தும் குரல் அனுப்பலாம், எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் கேட்கலாம். ஒரு குழுவில் 1,024 பேர்வரை சேர்க்கலாம். அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவே செய்தி பூட்டப்பட்டே போவதால், ஒரு குறிப்பிட்ட செய்தியை அரசு நடுவில் புகுந்து நீக்க வழியில்லை. முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற 2021 விதியை எதிர்த்து அந்த நிறுவனமே தில்லி உயர் நீதிமன்றம் போனது.

தூது போவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் சேர்த்து வைக்க உதவாது. இன்று போட்ட ஆவணம் நாளைக் காலை வணக்கப் படங்களுக்கும் மரண அறிவிப்புகளுக்கும் கீழே போய்விடும். புதிதாகச் சேர்கிறவருக்குப் பழையது தானாகக் கிடைக்காது. நிறையப் பேர் புகார் அழுத்தினால் அட்மினின் எண்ணையே நிறுவனம் முடக்கலாம், யார் புகார் கொடுத்தார்கள் என்று தெரியவராது.

அட்மின் பயம் ஒன்று ஊரில் பெரிதாக ஓடுகிறது, அதைக் கொஞ்சம் தெளிவாக்க வேண்டும். உறுப்பினர் போட்ட செய்திக்காகக் கரூரில் ஒரு குழுவின் அட்மின் மேல் வழக்குப் பதிந்தபோது, 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வெறும் அட்மினாக இருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றது. நம் மாவட்டமும் அந்தக் கிளைக்குக் கீழ்தான் வருகிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2022-ல் அதே வழியில் சொன்னது. ஃபார்வேர்ட் செய்வது வேறு கதை. எஸ்.வி.சேகர் வழக்கில் 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விட்ட அம்பு போல, அதன் பொறுப்பு அனுப்பியவருக்கு உண்டு என்றது. "வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்பது காப்பாற்றாது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 2018-ல் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவித் தமிழ்நாட்டில் ஆட்களை அடித்தே கொன்றார்கள். ஃபார்வேர்டை ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாமல் இந்தியாவில் கட்டுப்படுத்தியது அந்த ஆண்டில்தான். 2023-ல் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோ சுற்றியது. பொய்யை நிறுத்த ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

யூடியூப், அப்புறம் ஃபேஸ்புக்

மணலைப் பற்றிய ஒரு பாட்டியின் குரல் பத்துப் பக்கக் கட்டுரையைவிட ஆழமாகப் போகும். சந்தையில், கடையில், கட்டுமரம் காயும் இடத்தில் எல்லாரும் யூடியூப் பார்க்கிறார்கள். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் இங்கே நாம் வாடகைக்குக் குடியிருக்கிறோம். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (விதிமீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போகும். கொடை விழாவிலோ பெருநாளிலோ எடுத்த வீடியோவின் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடினாலே காப்புரிமைப் புகார் வரும், அரசியல் காரணமே வேண்டாம். அரசு உத்தரவு என்றால் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்ற ஒரு வரி வரும். 2025 ஏப்ரல் கடைசியில் '4 பி.எம்.' என்ற இந்திச் செய்திச் சேனலை இப்படி முடக்கினார்கள். பல லட்சம் பேர் பார்க்கிற சேனல். உத்தரவைக்கூடத் தரவில்லை என்று அதை நடத்துகிறவர் உச்ச நீதிமன்றம் போனார், மே மாதத்தில் சேனல் திரும்பியது. தில்லிக்குப் போக வக்கீலும் பணமும் உள்ளவருக்கே இந்த நிலைமை.

வீடியோவில் இன்னொரு ஆபத்து, பேச்சை வெட்டிப் பரப்புவது. 2021 ஜூலையில் நம் அருமனையில் ஒரு கூட்டத்தில் பாதிரியார் ஒருவர் பேசிய பேச்சு வீடியோவாகப் பரவி, சில நாளில் கைதில் முடிந்தது. மறு ஆண்டு மதுரைக் கிளை சில பிரிவுகளை நீக்கியது, சிலவற்றை விட்டுவைத்தது. அந்தப் பேச்சு சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. ஊர் மைதானத்தில் ஐநூறு பேருக்குப் பேசுவதும், போனில் உலகத்துக்குப் பேசுவதும் இப்போது ஒன்றாகிவிட்டது என்பதைக் கமிட்டி மனத்தில் வைக்க வேண்டும். அதனால் லைவ் மட்டும் வேண்டாம் என்பேன். பதிவு செய்து, இரண்டு பேர் கேட்டுப் பார்த்து, முழுப் பேச்சையும் நம்மிடம் வைத்துக்கொண்டு அப்புறம் போடலாம்.

நீதிமன்றங்கள் கைவிட்டுவிட்டன என்று இதைப் படிக்கக் கூடாது. யூடியூபர் சாட்டை துரைமுருகனின் ஜாமீன் வழக்கில் 2024 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம், தேர்தலுக்கு முன் யூடியூபில் குற்றம் சாட்டுகிறவர்களையெல்லாம் உள்ளே போட ஆரம்பித்தால் எத்தனை பேர் சிறையில் இருப்பார்கள் என்று கேட்டு ஜாமீனைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அந்த வாக்கியம் வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஃபேஸ்புக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூடியூபின் குறைகள் எல்லாம் இதிலும் உண்டு, கூடவே பக்கத்தை நடத்துகிறவரின் சொந்தக் கணக்கு முடங்கினால் பக்கமும் கைவிட்டுப் போகும். நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றிக் கார்ட்டூன் வரைந்து வெளியிட்டதற்காக கார்ட்டூனிஸ்ட் பாலாவை 2017 நவம்பரில் கைது செய்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரே செயலியை நம்பியவர்களுக்கு என்ன ஆகும் என்பதை டிக்டாக் காட்டியது. 2020 ஜூன் 29-ல் 69ஏ பிரிவின் கீழ் முடக்கிய 59 சீனச் செயலிகளில் ஒன்றாக அதுவும் போனது. சொந்தப் போனில் நகல் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு எடுத்த வீடியோக்களும் சேர்த்தே போயின.

சொந்தத் தளம்

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஒரு பெயர் வாங்கி, எளிய பக்கங்களாகப் போட்டால் ஆவணங்கள் வரிசையாக, தேடக்கூடியதாக, தேதியோடு நிற்கும். புகார் அழுத்தி யாரும் கவிழ்க்க முடியாது. மணலைப் பற்றி யாராவது கூகுளில் தேடினால் நம் பக்கம் வரும்.

முடக்கம் வந்தால் எப்படி வரும் என்று புரிந்துகொள்ள, ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம் தெரிய வேண்டும். இப்போது கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும் பூட்டுப் போட்ட இணைப்பில்தான் ஓடுகின்றன. ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். போன்ற நிறுவனங்களுக்கு நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியும், அதற்குள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பது தெரியாது. அதனால் ஒரு பக்கத்தை மட்டும் அவர்களால் மறைக்க முடியாது. மறைத்தால் முழுத் தளத்தையும் மறைக்க வேண்டும். வீட்டில் ஓர் அறையைப் பூட்டத் தெரு வாசலைப் பூட்டுவது போல. 2014 டிசம்பரில் தீவிரவாதப் பிரசாரம் என்று சொல்லி கிட்ஹப், விமியோ, இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் உள்பட 32 தளங்களைப் பூட்டியது அப்படித்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் விகடன். அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கிட்டு அனுப்பியதை வைத்து, பிரதமர் மோடி விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கார்ட்டூனை விகடன் பிளஸ் வெளியிட்டது. 2025 பிப்ரவரி 15 மாலையிலிருந்து பலருக்கு விகடன் தளமே திறக்கவில்லை. ஒரு படத்துக்காக, 1926-ல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் மொத்த இணைய எழுத்தும் மறைந்தது. முதலில் முடக்கம், பிறகுதான் அறிவிப்பு, பிறகு குழு விசாரணை. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்றது.

கமிட்டியில் ஒரு அண்ணன் இதைக் காட்டி, "விகடனுக்கே இந்தக் கதி, நாம எம்மாத்திரம்?" என்றார். எனக்கு அதே வழக்கு வேறு மாதிரித் தெரிகிறது. யார் முடக்கினார்கள் என்பது வெளியே வந்தது. எந்தப் படம் என்பது தெரிந்தது. மூன்று வாரத்துக்குள் நீதிமன்றத்தில் நின்று பேச முடிந்தது. ஒரு ஃபேஸ்புக் பதிவு காணாமல் போயிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. சின்னவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. வரதட்சணையைக் கேலி செய்து ஒரு பத்திரிகையாளர் தனியாளாக நடத்திய தளத்தை 2018-ல் முடக்கினார்கள். அவர் விடாமல் தில்லி உயர் நீதிமன்றம் போய், 2022 மே மாதத்தில் உத்தரவின் நகலை அவருக்குத் தர வேண்டும், அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்ற ஆணையை வாங்கினார். நான்கு ஆண்டு என்பது நீண்ட காலம்தான். ஆனால் நம்மைப் போன்ற எல்லாருக்கும் அவர் ஒரு வழி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது. தளத்தில் நடத்துபவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். யார் என்றே தெரியாத தளத்துக்கு எங்கே நோட்டீஸ் அனுப்ப, யாரைக் கூப்பிட்டுக் கேட்க? முகம் காட்டாத தளத்தை முடக்கிவிட்டு "எழுதியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று ஒரு வரியில் முடிக்கலாம். தம்பி ஒருவன் பெயர் போடாமல் வெளிநாட்டு சர்வரில் வைப்போம் என்றான். அது நெஞ்சுக்கு நிம்மதி தரும், நாம் கேட்கும் உரிமையைப் பறித்துவிடும்.

2021 விதிகளில் செய்தித் தளங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அவை தொழிலாகச் செய்தி வெளியிடுகிறவர்களுக்கு. அந்த ஒழுக்க விதிகளின் முக்கியப் பகுதியை 2021 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது, அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. படிப்பகம் தொழில் நடத்தவில்லை. என்றாலும் தவறு இருந்தால் தெரிவிக்க ஒரு மின்னஞ்சலும், திருத்தியதைத் தேதியோடு குறிக்கும் பழக்கமும் முதல் நாளிலிருந்தே வேண்டும். மணல் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் எழுதி அனுப்பினால் அதையும் அப்படியே போட வேண்டும்.

நோட்டீஸ்

நாகர்கோவிலில் லண்டன் மிஷன் சங்கத்தார் அச்சகம் வைத்தது 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில். அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துப் பேசும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நெட் அணைந்தாலும் நோட்டீஸ் போகும். சாயங்காலம் வலை பின்னும் இடத்தில் ஒருவர் வாசித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். தேர்தல் காலம் என்றால் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு, தேர்தல் தொடர்பான நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், முகவரி இருக்க வேண்டும் என்கிறது. எந்தக் காலத்திலும் போட்டுவிடுவதே நல்லது.

குறை என்னவென்றால் அச்சில் பிழை வந்தால் திருப்பி எடுக்க முடியாது, நீண்ட ஆவணங்களை அடிக்கப் பணம் போதாது, துபாயில் இருக்கும் மகனுக்குப் போகாது.

நெட் இல்லாமலே புளூடூத்தில் செய்தி அனுப்பும் பிரையர் போன்ற செயலிகளைப் பற்றி ஒருவர் கேட்டார். 2023 மே மாதத்தில் இந்தியாவில் முடக்கிய 14 செயலிகளில் அதுவும் ஒன்று. அதை விட்டுவிடலாம்.

பாஸ்போர்ட் பயம்

மேலே சொன்ன எந்தச் சட்டப் பிரிவையும்விட எங்கள் ஊரில் அதிகம் தணிக்கை செய்வது ஒரு நீலப் புத்தகம். பையன் ஐ.டி.ஐ. முடித்திருப்பான், மஸ்கட்டுக்கோ குவைத்துக்கோ விசா எதிர்பார்த்திருப்பான். "ஒரு கேஸ் விழுந்தா பாஸ்போர்ட் போச்சு மக்கா, வாயை மூடிக்கிட்டு இரு" என்று அம்மா சொல்வாள். அவன் மூடிக்கொள்வான். யாரும் எதையும் முடக்கவில்லை, எந்த உத்தரவும் போடவில்லை, எந்தப் பதிவேட்டிலும் இது வராது. கமிட்டியில் நன்றாகப் பேசத் தெரிந்த ஆறு பேரில் நான்கு பேர் பெயர் போட மறுத்தது இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடன் வாங்கி அனுப்பும் வீடுகள் அவை.

சட்டம் எவ்வளவு தூரம் போகிறது என்பதையாவது தெரிந்து பயப்படுவோம். 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். பதிந்திருப்பது மட்டும் அந்த நிலுவை ஆகாது, நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகமே 2019-ல் விளக்கியிருக்கிறது. வழக்கு நடக்கும்போதும் நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க 1993-லிருந்தே வழி இருக்கிறது. காவல் சான்றிதழ் வாங்குவதில் அலைச்சல் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் "பாஸ்போர்ட் போச்சு" என்பது முழு உண்மை இல்லை.

வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களின் நிலைமை வேறு. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அங்கே 2021-ல் வந்த சைபர் சட்டம் வதந்தி பரப்பினால் குறைந்தது ஓராண்டு சிறை, ஒரு லட்சம் திர்ஹம் அபராதம் என்கிறது. ஆகவே அங்கே உள்ள பிள்ளைகளைக் குழுவில் அட்மினாகப் போடவே கூடாது, ஃபார்வேர்ட் செய்யச் சொல்லியும் கேட்கக் கூடாது. அவர்கள் தளத்தைத் திறந்து படித்தால் போதும்.

நான் சொல்லும் ஏற்பாடு

எல்லாவற்றின் மூலமும் சொந்தத் தளத்தில் இருக்கட்டும். ஆவணம், கேள்வி, பதில் எல்லாம் முதலில் அங்கே ஏற வேண்டும். வாட்ஸ்அப்பில் அதன் இணைப்பும் மூன்று வரிச் சுருக்கமும் மட்டும் போகட்டும், அட்மின் மட்டுமே செய்தி போடும்படி குழுவை வைத்துவிட்டால் வதந்தியும் புகாது. வீடியோ வேண்டும், யூடியூபில் போடலாம், ஆனால் ஒவ்வொன்றின் எழுத்து வடிவமும் தளத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை தளத்தில் வந்ததில் முக்கியமானதை இரண்டு பக்க நோட்டீஸாக அடிக்க வேண்டும். நெட் அணைந்தால் அன்றே அடுத்த நோட்டீஸ் போக வேண்டும், அதற்கான தாளும் அச்சகத்தோடு பேச்சும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஃபேஸ்புக் வேண்டாம். இருக்கிற ஆள்பலத்துக்கு இந்த நான்கே அதிகம்.

பெயர் விஷயம் கடைசிவரை இழுத்தது. படிப்பகத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்து, சங்கத்தின் பெயரில் தளத்தை நடத்துவது என்று முன்வைத்தேன். பதிவு செய்தாலும் பொறுப்பாளர் என்று ஒரு மனிதர் பெயர் வேண்டும். போன கூட்டத்தில் யாரும் பேசாமல் இருந்தபோது, முப்பது வருடம் ஊர்ப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் எழுந்து, "எனக்க பேரப் போடுங்க மக்கா. எனக்கு இனி விசா ஒண்ணும் வேண்டாம்" என்றார். அவரிடம் படித்தவர்கள்தான் அந்த அறையில் பாதிப் பேர். அவரைத் தனியே நிற்க விடக் கூடாது என்று அப்புறம் இன்னும் இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள், ஒருவர் வலைத்தொழில் செய்கிறவர், ஒருவர் மரச்சீனி விவசாயி.

மிச்சம் இருப்பது சின்ன வேலைகள். தளத்தின் பாஸ்வேர்டு மூன்று பேரிடம் இருக்க வேண்டும், மூவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. எந்தப் பக்கம் ஏறினாலும் அன்றே இன்டர்நெட் ஆர்கைவில் ஒரு நகல் சேமிக்க வேண்டும். மாதக் கடைசியில் முழுத் தளத்தையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றைப் படிப்பக அலமாரியிலும் ஒன்றை டீச்சர் வீட்டிலும் வைக்க வேண்டும். மதுரைக் கிளையில் வழக்காடும் வக்கீல் ஒருவரை இப்போதே பார்த்து, முடக்க உத்தரவு வந்தால் முதல் நாளில் எழுத வேண்டிய கடிதத்தை வரைந்து வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். உத்தரவின் நகலைக் கேட்கும் கடிதம் அது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் இந்த நான்குக்கும் ஆள் குறிக்க வேண்டும்.